காரணம் சொல்லாத தீர்ப்பு: வக்கீல் தேர்வும் அதன் முடிவும், 1856 முதல்

1856 பிப்ரவரியில் சென்னை மாகாணத்தில் வக்கீல்களுக்கான தேர்வு முதன்முதலாக நடந்தபோது அதன் மையங்களுள் ஒன்றாகக் கும்பகோணம் இருந்தது. அங்கே எழுதித் தேறியவர்களுள் ஒருவர் தி. முத்துசாமி ஐயர். தஞ்சை ஜில்லா உச்சுவாடியில் பிறந்தவர். திருவாரூரில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப்பிள்ளையிடம் எடுபிடியாக இருந்து, பின்பு சென்னைக்குப் போய்ப் படித்தவர். தேறியபின் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். 1845இல் டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய அந்த ஊர் இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. 1857இல் அதே தரங்கம்பாடிக்கு முன்சீப்பாக வந்தவர் வேதநாயகம் பிள்ளை. பிறகு சீர்காழியிலும் மாயவரத்திலும் (இன்றைய மயிலாடுதுறை) அந்தப் பதவியை வகித்து, மாயூரம் என்ற ஊர்ப்பெயர் தம் பெயரின் முன்னே நிலைக்கும்படி வாழ்ந்தவர். ஒருவர் 1877இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியானார். மற்றவர் 1879இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். முத்துசாமி ஐயரின் வாழ்க்கையை எழுதியோர் எல்லாரும் அவர் தேர்வில் தேறியதைச் சொல்கிறார்கள். அந்த விடைத்தாள் எப்படித் திருத்தப்பட்டது, முடிவு எந்த வடிவில் வெளிவந்தது, தேறாதவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதில் அவர்களுக்கு அக்கறை இருந்ததில்லை. இக்கட்டுரையின் அக்கறை அதில்தான். தேர்வு முடிவும் ஒரு தீர்ப்பே. கோர்ட்டுத் தீர்ப்பு காரணத்தோடு வரவேண்டும் என்று சட்டம் எழுதிவைத்த ஓர் அமைப்பு, அந்தக் கோர்ட்டுக்குள் நுழைய வந்தவர்மீது தான் வழங்கிய தீர்ப்பைக் காரணமில்லாமலேயே வழங்கிவந்திருக்கிறது. நூற்றெழுபது ஆண்டுகளில் முடிவு வெளியாகும் வேகமும் பரப்பும் வளர்ந்தன. காரணம் மட்டும் வளரவில்லை என்பதே என் வாதம்.

தேர்வு வருவதற்கு முன்னிருந்த நிலையை நினைவில் வைத்தால்தான் தேர்வு கொண்டுவந்த மாற்றம் விளங்கும். காரன்வாலிஸ் காலத்தில் 1793இல் வங்காளத்தில் 7ஆம் ரெகுலேஷன் வக்கீல் தொழிலுக்கு ஒரு சட்ட வடிவம் கொடுத்தது. சென்னையில் 1802இன் 10ஆம் ரெகுலேஷனும் அதை விரித்தெழுதிய 1816இன் 14ஆம் ரெகுலேஷனும் அதே வழியில் வந்தவை. கம்பெனியின் கோர்ட்டில் நின்று பேச ஒருவருக்குச் சன்னது என்ற அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்தச் சன்னது கோர்ட்டின் கையில் இருந்தது. 1812இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் முயற்சியால் எழுந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, சட்டம் பயின்ற உள்ளூர் மாணவர்களைச் சோதித்துச் சான்றும் கொடுத்தது என்றாலும், மாயவரத்துக்கோ கும்பகோணத்துக்கோ அந்தச் சான்று எட்டாத தூரம். ஜில்லா ஜட்ஜுக்கு இவர் தகுதியானவர் என்று பட்டால் போதும். படாவிட்டால் மேற்கொண்டு கேட்க இடமில்லை. 1846இன் முதலாம் சட்டம் எந்த நாட்டவரும் எந்த மதத்தவரும் வக்கீலாகலாம் என்று கதவை அகலத் திறந்தது. கதவு அகன்றதே தவிர, உள்ளே விடுபவரின் மனமே அப்போதும் அளவுகோல். இந்தக் கட்டத்தில் முடிவு என்பது ஒரு மனிதரின் வாய்ச்சொல். அதற்கு ஒரு நன்மையும் இருந்ததை மறுக்கமுடியாது. மறுக்கப்பட்டவர் தம்மை மறுத்தவர் யார் என்பதையாவது அறிந்திருந்தார்.

1856இன் தேர்வு அந்த மனிதருக்கும் மனுதாரருக்கும் நடுவே ஒரு தாளை வைத்தது. எவர் வீட்டுப் பிள்ளை, யாருடைய சிபாரிசு என்பனவற்றைத் தாண்டி, எழுதியதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்ற கொள்கை முதன்முறையாகத் தலையெடுத்தது. தஞ்சை ஜில்லாவில் அது சிறிய காரியமில்லை. காவிரிப் பாசனத்தில் பங்கு, முறைத்தண்ணீர், மடத்து நிலக் குத்தகை, தத்து, பாகப்பிரிவினை என்று வழக்குக்குப் பஞ்சமில்லாத பூமி இது. வழக்கு இருக்கும் இடத்தில் வக்கீலுக்கு வரும்படி உண்டு. வரும்படி உள்ள தொழிலுக்கு மிராசுதார் வீடுகளின் செல்வாக்கு நுழையாமல் இராது. ஒரு ரூபாய்ச் சம்பளக்காரராக இருந்தவர் அந்த வரிசையைத் தாண்டி முன்சீப் நாற்காலியில் அமர்ந்தார் என்றால் அதற்கு அந்தத் தாளும் ஒரு காரணம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக விரும்புவோருக்குத் தேர்வு கட்டாயமானது 1872இல்தான். அதற்கு முன்பு இன் எனப்படும் பாரிஸ்டர் சங்கங்களில் வரையறுத்த விருந்துகளில் கலந்துகொண்டு காலக்கெடுவை முடித்தாலே வழக்காடும் உரிமை கிடைத்துவிடும். ஆளப்பட்டவருக்கு 16 ஆண்டு முன்பே தேர்வு வைத்தவர்கள், ஆண்டவருக்கு வைக்கத் தயங்கினார்கள். வைத்த பின்னும் அது கடினமாக இல்லை. 1891இல் பாரிஸ்டர் ஆன காந்தி தம் சுயசரிதையில், ரோமானியச் சட்டத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேறுவதும், இறுதித் தேர்விலேயே முக்கால்வாசிப்பேர் தேறுவதும் வழக்கம் என்று எழுதியிருக்கிறார். அப்படித் தேறிய பாரிஸ்டர்கள்தான் சென்னை உயர்நீதிமன்றத்தில் வக்கீலுக்கு ஒரு படி மேலே உட்கார்ந்தார்கள். தேர்வின் கடுமைக்கும் தொழிலில் கிடைத்த மதிப்புக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

உயர்நீதிமன்றம் 1862 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. 1865இன் 20ஆம் சட்டமும் அதன்பின் 1879இன் சட்டத் தொழிலர் சட்டமும் பிளீடர்களின் தகுதி, தேர்வு, சான்றிதழ் பற்றிய விதிகளை வகுக்கும் அதிகாரத்தை உயர்நீதிமன்றத்துக்குக் கொடுத்தன. ஜில்லா ஜட்ஜின் மனம் இருந்த இடத்தில் ஒரு நடைமுறை வந்து அமர்ந்தது. நடைமுறை முதிர்ந்தபோது அதன் முடிவு அச்சில் வெளிவந்தது. சர்க்கார் தேர்வுகளில் தேறியவர் பட்டியலைத் தாங்கிவந்த புனித ஜார்ஜ் கோட்டை கெஜட்டும், அதைப் பின்தொடர்ந்த நாளேடுகளும் முடிவுக்கு ஒரு பொதுத்தன்மையைக் கொடுத்தன. அச்சுப் பட்டியலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அச்சில் வந்த பெயரை எந்த ஜட்ஜும் மறுநாள் அழிக்க முடியாது. ஆனால் பட்டியல் என்ற வடிவத்துக்கு ஒரு குணம் உண்டு: அது தேறியவரைப் பற்றி மட்டுமே பேசும். தேறாதவருக்கு அது எதையும் சொல்வதில்லை. தம் பெயர் இல்லாததைத் தாமே கண்டறிவதுதான் அவருக்குக் கிடைத்த முடிவு. எந்தத் தாளில் குறைந்தது, எவ்வளவு குறைந்தது, இந்துச் சட்டத்தில் தவறினாரா நடைமுறையில் தவறினாரா என்பதற்கெல்லாம் பதில் மௌனம். வாய்ச்சொல்லாக இருந்த மறுப்பு, பட்டியல் காலத்தில் மௌனமாக மாறியது. பழைய மனுதாரராவது ஜட்ஜின் பங்களாத் திண்ணையில் நின்று கேட்டிருக்கலாம். புதியவர் யாரைக் கேட்பது?

தேறியவருக்கும் பட்டியல் முழுமையான பதிலாக இருந்துவிடவில்லை. மதுரை எஸ். சுப்பிரமணிய ஐயர் பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியானவர்; குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே தாமாகச் சட்டம் படித்துத் தேர்வில் சிறப்பாகத் தேறியும், தொழில் நடத்த அவருக்கு உடனே அனுமதி கிடைக்கவில்லை. பின்பு பி.எல். பட்டம் பெற்றுத்தான் வழி திறந்தது. தேர்வு வேறு, சன்னது வேறு. ஒன்று தாளைப் பார்த்தது, மற்றது ஆளைப் பார்த்தது. முதலாவதை அச்சிட்டார்கள். இரண்டாவதன் காரணம் அச்சேறவில்லை. முத்துசாமி ஐயரே சென்னையில் மாஜிஸ்திரேட் உத்தியோகத்தில் இருந்துகொண்டு பி.எல். எழுதித் தேறியதை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நாற்பதை நெருங்கிய ஓர் அதிகாரி, தாம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கான தகுதியைப் பல்கலைக்கழகத்திடம் மறுபடி கேட்டுப் பெற்றார். வேறொரு பட்டியலில் பெயர் வராமல் மேலே போக முடியாது என்ற நிலை அதற்குள் உருவாகிவிட்டது.

இங்கே ஓர் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேர்விடம் காரணம் கேட்பது இன்றைய மனப்பாங்கை அன்றைக்கு ஏற்றுவதாகும். தகவல் உரிமை, வெளிப்படைத்தன்மை எல்லாம் நம் காலத்துச் சரக்கு என்று ஒரு வரலாற்றாளர் சொல்லக்கூடும். ஆட்சேபம் நியாயமாகத் தோன்றினாலும் சான்று அதற்கு எதிராக இருக்கிறது. வக்கீல் தேர்வு தொடங்கி மூன்றே ஆண்டில், 1859இன் 8ஆம் சட்டமாக முதல் சிவில் நடைமுறைச் சட்டம் வந்தது. தீர்ப்பு என்றால் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினை, அதன்மீது முடிவு, முடிவுக்குக் காரணம் மூன்றும் அதில் இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. ஆக, காரணம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் இல்லாதது அன்று. தரங்கம்பாடியில் முப்பது ரூபாய்க் கடன் வழக்கைத் தீர்க்கும் முன்சீப்புக்கு அது கட்டாயமாகவே இருந்தது. அதே முன்சீப்பையும் அவர் முன் நிற்கும் வக்கீலையும் தேர்ந்தெடுத்த முடிவுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. ஒரே அரசு, ஒரே பத்தாண்டு, இரண்டு அளவுகோல்.

வேதநாயகம் பிள்ளையின் பணியை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், வழக்கமாகச் சொல்லப்படுவதைவிட அது பெரிதாகத் தெரிகிறது. முன்சீப் ஆவதற்கு முன்பு திருச்சிராப்பள்ளிக் கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர் அவர். கம்பெனியின் மேல்கோர்ட்டான சதர் அதாலத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். இதைப் பொதுவாகத் தமிழ்த்தொண்டு என்ற தலைப்பில் அடக்கிவிடுகிறார்கள். தொண்டுதான், அதோடு, சட்ட அறிவு எங்கே பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்த ஒருவரின் காரியமும்கூட. மேல்கோர்ட்டு என்ன தீர்த்தது, ஏன் தீர்த்தது என்பது ஆங்கிலத்தில் இருந்தவரை, ஆங்கிலம் தெரிந்த வக்கீலுக்கு அது கையில் இருக்கும் விடை. தெரியாதவருக்கு விளங்காத விதி. அந்த விடைகளையும் காரணங்களையும் எல்லார்முன்னும் விரித்துவைத்தார் பிள்ளை. பிரதாப முதலியார் சரித்திரத்திலும், தமிழ் பேசும் கட்சிக்காரர், தமிழ் தெரிந்த நீதிபதி முன்னால் வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கிண்டல் செய்து, கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்று வாதிட்டிருக்கிறார். தன் வழக்கு எப்படி முடிந்தது என்பது கட்சிக்காரனுக்குத் தெரிந்துவிடும். ஏன் அப்படி முடிந்தது என்பது தெரியாமல் ஊர் திரும்புகிறான் என்பதே அந்தக் கிண்டலின் அடியில் இருக்கும் குற்றச்சாட்டு. வக்கீல் தேர்வு எழுதித் தவறியவரின் நிலையும் அச்சாக அதுவே. (1915 மே முதல் நாள் மாயவரத்துக்கு வந்த காந்திக்கு ஊரார் ஆங்கிலத்தில் வரவேற்புப் பத்திரம் படித்ததையும், அதை அவர் அங்கேயே சுட்டிக்காட்டியதையும் பார்க்கும்போது, முன்சீப் ஓய்வுபெற்று நாற்பது ஆண்டு கழித்தும் அவருடைய ஊர் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை.)

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைச் சுருக்கமாகவே கடக்கலாம். 1926இன் பார் கவுன்சில் சட்டம், 1961இன் வழக்கறிஞர்கள் சட்டம் ஆகியவற்றால் வக்கீல், பிளீடர், பாரிஸ்டர் என்ற படிநிலை கரைந்து எல்லாரும் வழக்கறிஞர் என்ற ஒரே பெயருக்குள் வந்தனர். 1961இன் சட்டம் 24ஆம் பிரிவில், பட்டத்துக்கு மேல் பயிற்சியும் அதன்பின் ஒரு தேர்வும் வேண்டும் என்று வைத்திருந்தது. 1973இன் திருத்தம் அதை நீக்கியது. 1974 ஜனவரி 31 முதல் சட்டப் பட்டம் ஒன்றே போதுமானதாயிற்று. இதன் விளைவைப் பலரும் தேர்வு ஒழிந்தது என்று எழுதுகிறார்கள். உண்மையில் தேர்வு ஒழியவில்லை, இடம் மாறியது. தொழிலுக்குள் நுழைவதா இல்லையா என்பதைப் பல்கலைக்கழக விடைத்தாள் திருத்துநர் தீர்மானித்தார். ஆகவே 1974க்குப் பிறகு மதிப்பீட்டின் வரலாறு வழக்கறிஞர் சங்கங்களில் இல்லை. பல்கலைக்கழகங்கள்மீதும் தேர்வு வாரியங்கள்மீதும் மாணவர் தொடுத்த வழக்குகளில் இருக்கிறது.

அந்த வழக்குகளின் வரிசை நேராகப் போகவில்லை. 1983இல் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கும் சமீர் குப்தாவுக்கும் இடையிலான வழக்கில், விடைக்குறிப்பு சரியென்றே கொள்ளப்படும், அது தவறு என்பது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்டால் மாணவரைத் தண்டிக்கக்கூடாது என்றது உச்சநீதிமன்றம். விடைக்குறிப்பும் தீர்ப்பைப் போலவே தவறக்கூடியது என்பதை நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்ட தருணம் இது. மறு ஆண்டே, மகாராஷ்டிர வாரியத்துக்கு எதிரான பரிதோஷ் வழக்கில், விடைத்தாளைப் பார்க்கவும் மறுமதிப்பீடு கோரவும் மாணவருக்கு உரிமை இல்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. 27 ஆண்டு கழிந்து, 2011 ஆகஸ்டில், ஆதித்ய பந்தோபாத்யாய வழக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின்படித் திருத்திய விடைத்தாளைத் தேர்வர் பார்க்கலாம் என்று கதவு திறந்தது. 2018இல் அங்கேஷ் குமார் வழக்கில் குடிமைப்பணித் தேர்வைப் பொறுத்தவரை அந்தக் கதவு பாதி சாத்தப்பட்டது. நீதிமன்றங்கள் தடுமாறின என்று இதைச் சொல்ல மாட்டேன். இந்த வழக்குகளில் நீதிபதிகள் இரண்டு அச்சங்களுக்கு நடுவே நின்றார்கள். ஒன்று, திருத்துநரைக் கூண்டில் ஏற்றினால் தேர்வே நடக்காது என்பது. மற்றது, ஏற்றாவிட்டால் அநீதி நிலைத்துவிடும் என்பது. முதல் அச்சத்துக்கு விரித்தெழுதும் விடையில் வலு உண்டு. இருவர் திருத்தினால் இரண்டு மதிப்பெண் வருவது இயல்பு. கொள்குறி வகைத் தேர்வில் அந்த வலு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் அடுத்த கேள்வி.

ஏனென்றால் வக்கீல் தேர்வு திரும்பி வந்தபோது கொள்குறி வகையாகவே வந்தது. 1995இல் பார் கவுன்சில் வகுத்த பயிற்சி விதிகளை 1999இல் சுதீர் வழக்கில் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. 2002இல் சட்ட ஆணையத்தின் 184ஆவது அறிக்கை பயிற்சியும் தேர்வும் வேண்டும் என்றது. 2010இல் இந்திய பார் கவுன்சில் தீர்மானம் போட்டு, 2011 மார்ச் 6இல் முதல் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை நடத்தியது. தமிழிலும் அதை எழுதலாம். 2023 பிப்ரவரி 10இல் போனி ஃபாய் சட்டக் கல்லூரி வழக்கில் ஐவர் அமர்வு சுதீர் தீர்ப்பை ஏற்க மறுத்து, இத்தகைய தேர்வை நடத்தப் பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்று முடித்துவைத்தது. நூறு கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் கழிவு இல்லை. தேர்ச்சிக்கு முன்பு 40 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35. 18ஆவது தேர்விலிருந்து அவை 45, 40 என உயர்ந்தன. ஓ.எம்.ஆர். தாளை இயந்திரம் படிக்கிறது. சான்றிதழில் மதிப்பெண், தரவரிசை எதுவும் இராது, தேறினார் என்ற செய்தி மட்டுமே இருக்கும் என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்கள். பழைய பட்டியல் திரும்பி வந்துவிட்டது. கெஜட் இருந்த இடத்தில் இணையதளம், பெயர் இருந்த இடத்தில் பதிவெண்.

முற்றிலும் பழையதாக அது வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இப்போது முதலில் உத்தேச விடைக்குறிப்பு வெளியாகிறது. தேர்வர் கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். வல்லுநர் குழு ஆராய்ந்தபின் இறுதி விடைக்குறிப்பு வருகிறது, அதன்பிறகுதான் முடிவு. 2024 டிசம்பர் 22இல் நடந்த 19ஆவது தேர்வின் உத்தேச விடைக்குறிப்பு அந்த மாதத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இறுதிக் குறிப்பும் முடிவும் வர 2025 மார்ச் ஆயிற்று. இயந்திரம் தாளைப் படிக்க மூன்று மாதம் பிடிக்காது. அந்த மாதங்கள் சர்ச்சையில் கழிந்தவை. அந்தத் தாமதத்தை நான் வரவேற்கிறேன், தேர்வரின் குரலுக்கு ஒதுக்கிய நேரம் அது. 2023 டிசம்பர் 10இல் நடந்த 18ஆவது தேர்வில் 7 கேள்விகள் திரும்பப் பெறப்பட்டு, மீதி 93ஐக் கொண்டே முடிவு கணக்கிடப்பட்டது. 93க்கு 45 விழுக்காடு என்றால் 42. நூறுக்கு 45 எடுக்கவேண்டியவர், தாம் சரியாக எழுதிய கேள்விகள் நீக்கப்பட்ட பட்டியலில் விழுந்திருந்தால் தவறியிருக்கலாம். நீக்கப்பட்டவை அனைத்தையும் பிழையாக எழுதியவர் தேறியிருக்கலாம். ஒருவருடைய பிழைப்பு அந்த இரண்டு மூன்று மதிப்பெண்ணில் தொங்குகிறது. அந்த ஏழு கேள்விகளும் ஏன் விழுந்தன? கேள்வியே பிழையா, இரண்டு விடை பொருந்தியதா, மொழிபெயர்ப்பில் பொருள் மாறியதா? கேள்வி எண்ணை அறிந்தவர் காரணத்தை அறியவில்லை. திருத்தப்படும் முறை வரலாற்றில் முதல் தடவையாகத் தேர்வர் கண்முன் வந்தது. வந்து, கடைசிப் படியில் நின்றுவிட்டது.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் மூன்று. முதலாவது, இது தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு இல்லை. தேறாதவர் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், காரணம் எதற்கு என்பது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் கட்டளை 4ஆம் விதி இதற்கு எதிர்பாராத உதவி செய்கிறது. ஸ்மால் காஸ் கோர்ட்டுத் தீர்ப்பில் பிரச்சினையும் முடிவும் இருந்தால் போதும், மற்றக் கோர்ட்டுகளின் தீர்ப்பில் காரணமும் வேண்டும் என்கிறது அந்த விதி. சிறு தொகைக்கு விரைவான முடிவு போதும் என்பது அதன் பொருள். 1871 முதல் முத்துசாமி ஐயர் சென்னையில் அமர்ந்திருந்தது அத்தகைய கோர்ட்டில்தான். வக்கீல் தேர்வின் முடிவு இன்று ஸ்மால் காஸ் தீர்ப்பின் வடிவில் வருகிறது. ஆனால் அதன் பொருள் சிறு தொகையா? ஐந்தாண்டு படித்து, என்ரோல்மெண்ட் முடித்து, சீனியரின் அலுவலகத்தில் கட்டு சுமக்கும் ஓர் இளைஞர் சொந்தப் பெயரில் தொடர்ந்து வக்காலத்துத் தாக்கல் செய்யலாமா என்பதை அது தீர்மானிக்கிறது. அளவில் இது அசல் வழக்கு; வடிவில் மட்டும் சில்லறை வழக்கு.

இரண்டாவது சமாதானம் நடைமுறை சார்ந்தது. பெருந்தொகையாக எழுதும் தேர்வில் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுத முடியுமா? முடியாது, யாரும் கேட்கவும் இல்லை. கொள்குறித் தேர்வின் தனித்தன்மையே இதுதான். சர்ச்சைக்குரிய கேள்விகள் எல்லாருக்கும் பொது, ஆகவே காரணமும் எல்லாருக்கும் பொது. பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு, கேள்விக்கு நான்கு வரி வீதம் எழுதினால் தேர்வர் அத்தனை பேருக்கும் பதில் சொன்னதாகும். குழு கூடி ஆராய்ந்திருந்தால் அந்த வரிகள் ஏற்கெனவே எங்கோ எழுதப்பட்டிருக்கவேண்டும். மூன்றாவது சமாதானத்தில்தான் எனக்கு மரியாதை உண்டு. விடைக்குறிப்பைத் திறந்து காட்ட வேண்டும் என்பதற்காகத் தேர்வைக் கொள்குறியாகச் சுருக்கிவிட்டோம். பிளெயிண்ட் வரையவும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் தெரிகிறதா என்பதை நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்குவது காட்டாது. வெளிப்படைத்தன்மைக்காகத் தரத்தை விற்றோம் என்பார்கள். இந்த விலை கொடுக்கப்பட்டது உண்மை. 1856இன் தாள் இன்றையதைவிட ஒருவரின் சட்டச் சிந்தனையை அதிகம் காட்டியிருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் விலையைக் கொடுத்தபின் பொருளை வாங்காமல் வருவது எந்த வியாபாரம்? ஆழத்தை விட்டுக்கொடுத்தது வெளிச்சத்துக்காக என்றால், அந்த வெளிச்சமாவது முழுமையாக வரவேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கு இது இரட்டைக் கவலை. சட்டக் கேள்வி ஆங்கிலத்தில் பிறந்து தமிழுக்கு வருகிறது. ஒரு துணைவினை இடம் மாறினால் கட்டாயம் விருப்பமாகிவிடும். அப்படி விழுந்த கேள்வி மொழிபெயர்ப்பால் விழுந்ததா என்பதை அறியும் வழி காரணம் ஒன்றே. கடலுக்கு அப்பால் இலங்கைச் சட்டக் கல்லூரித் தேர்வுகளை ஆங்கிலத்திலேயே எழுதவேண்டும் என்று கொண்டுவந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் அந்நாட்டு நாடாளுமன்றம் தோற்கடித்தது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதும் உரிமை அங்கே வாக்கெடுப்பால் தப்பியது. இங்கே உரிமை தாளில் இருக்கிறது, அதன் தரம்தான் கேள்வி. தமிழ்நாட்டுச் சிவில் நீதிபதித் தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் உண்டு: சாட்சியத்தையும் தீர்ப்புப் பகுதியையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கவேண்டும். நீதிபதியாக வருபவரிடம் கேட்கும் இந்தத் திறமையை, வக்கீலைச் சோதிக்கும் கேள்வித்தாள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பார் கவுன்சிலிடம் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. அடுத்த தேர்வின் இறுதி விடைக்குறிப்போடு, மாற்றிய விடை ஒவ்வொன்றுக்கும், திரும்பப் பெற்ற கேள்வி ஒவ்வொன்றுக்கும் உரிய காரணத்தை, தேர்வு நடந்த மொழிகள் அனைத்திலும், ஒரு சில பக்கங்களில் இணைத்து வெளியிடுங்கள். மயிலாடுதுறை உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு வரப்புத் தகராறுக்கு எழுதும் தீர்ப்பில்கூட அது இருக்கிறது.